செத்தவீட்டில் வெளிப்படும் நரகம்: மட்டக்களப்பு, அம்பாறைக் கிறிஸ்தவரிடையே நிலவும் பார்வைகள்

பெரியகல்லாறு, கல்முனை, வாழைச்சேனை போன்ற ஊர்களில் ஒரே குடும்பத்துக்குள் சைவர், கத்தோலிக்கர், மெதடிஸ்தர், கடைசியாகப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனவர் என நாலு வகையினரும் இருப்பது புதினமல்ல. கலியாண வீட்டில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. செத்தவீட்டில் தெரியும். பெட்டிக்குப் பக்கத்தில் பாய் விரித்துச் செபமாலை தொடங்கியதும் கத்தோலிக்க மாமி சத்தமாகச் சொல்வார். மெதடிஸ்த மச்சான் தலை குனிந்து பேசாமல் இருப்பார். புதுச் சபைக்குப் போன தம்பி பந்தலுக்கு வெளியே கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்வார். யாரும் யாரையும் அவமதிக்கவில்லை. மூச்சு நின்ற கணமே இறந்தவரின் நிலை முடிவாகிவிட்டது, இனிச் செபித்து மாற்ற ஒன்றுமில்லை என்று தம்பியின் சபை சொல்லிக்கொடுத்திருக்கிறது. செபிக்காமல் விடுவதுதான் இறந்தவருக்குச் செய்யும் துரோகம் என்று மாமி நம்புகிறார். இரண்டுக்கும் அடியில் கிடப்பது நரகத்தைப் பற்றிய கேள்வி.

அந்தக் கேள்வியைப் பலர் பிழையான இடத்தில் தொடங்குகிறார்கள். "நரகம் உண்டா, இல்லையா?" என்று கேட்டால் ஏறக்குறைய எல்லாச் சபையும் "உண்டு" என்றே சொல்லும், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். பிளவு இருப்பது வேறு மூன்று கேள்விகளில்: அது எவ்வளவு காலம், எதற்காக, யாருக்கு. முதல் இரண்டுக்கும் வேதத்தில் வசனங்கள் உண்டு, ஒன்றை ஒன்று இழுக்கிற வசனங்கள். மூன்றாவதற்குப் பெயர் குறித்து விடை சொல்லும் அதிகாரம் எந்தச் சபைக்கும் கொடுக்கப்படவில்லை. செத்தவீட்டில் அதிகம் பேசப்படுவது என்னவோ அந்த மூன்றாவதுதான்.

வேதத்தில் இருப்பதும் இல்லாததும்

முதலில், கலந்துபோனவற்றைப் பிரித்துவைக்க வேண்டும். பழைய ஏற்பாட்டின் பாதாளம், எபிரெயத்தில் ஷியோல், இறந்தோர் எல்லாரும் போகும் இடம். யோசேப்பு செத்துப்போனான் என்று நம்பிய யாக்கோபு, தானும் துக்கத்தோடு மகனிடத்தில் பாதாளத்துக்கு இறங்குவதாகச் சொல்கிறான் (ஆதியாகமம் 37:35). தண்டனை என்ற பேச்சே அங்கு இல்லை. சுவிசேஷங்களில் இயேசு தண்டனையாக எச்சரிப்பது கெஹென்னா. எருசலேமுக்குத் தெற்கே கிடக்கும் இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர் அது. அங்கே பிள்ளைகளைத் தீயில் பலியிட்டதை எரேமியா 7:31 கண்டிக்கிறது. யோசியா ராஜா அந்த இடத்தைத் தீட்டுப்படுத்தி, இனி யாரும் பாவிக்காதபடி செய்ததை 2 இராஜாக்கள் 23:10 சொல்கிறது. மூன்றாவது, வெளிப்படுத்தலின் அக்கினிக்கடல். "மரணமும் பாதாளமும் அக்கினிக்கடலிலே தள்ளப்பட்டன" என்கிறது 20:14. பாதாளமும் நரகமும் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டால், நரகத்தை நரகத்துக்குள் தள்ளினார்கள் என்றல்லவா வாசிக்க வேண்டிவரும்! விசுவாசப்பிரமாணத்தில் "பாதாளத்தில் இறங்கி" என்று சொல்லும் வரியும் பொதுவாக இந்த முதற்பொருளில்தான் விளங்கிக்கொள்ளப்படுகிறது: கிறிஸ்து இறந்தோரிடம் போனார்.

பிரசங்கங்களில் அடிக்கடி வரும் ஒரு தகவல், கெஹென்னா எருசலேம் நகரத்தின் குப்பை மேடு, அங்கே இரவும் பகலும் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது என்பது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இதற்கு இயேசுவின் காலத்துச் சான்று எதுவும் இல்லை, கி.பி. 1200 அளவில் வாழ்ந்த யூத அறிஞர் தாவீது கிம்கியின் உரையில்தான் இது முதன்முதலாகத் தெளிவாக வருகிறது. நரகம் முடிவற்றது என்று நிறுவுகிறவர்களும், அது வெறும் உவமைதான் என்று தள்ளுகிறவர்களும் ஒரே குப்பை மேட்டையே ஆதாரமாகக் காட்டுவார்கள். இரு பக்கமும் அதை விட்டுவிடலாம்.

அதைவிடப் பெரிய பிழை லூக்கா 16 இல் நடக்கிறது. ஐசுவரியவானும் லாசருவும் என்ற அந்தப் பகுதியைக் கொண்டு நரகத்தின் வரைபடமே போட்டுவிடுகிறார்கள்: பிளவு இந்தப் பக்கம், ஆபிரகாமின் மடி அந்தப் பக்கம். அங்கே கிரேக்க மூலத்தில் வருவது கெஹென்னா இல்லை, பாதாளம். அதாவது கடைசி நியாயத்தீர்ப்புக்கு முந்திய நிலை. கதையின் குறி, வாசலில் கிடந்த ஏழையைக் கண்டும் காணாமல் இருந்த பணக்காரன் மேல் இருக்கிறது. இன்னொரு விடயமும் உண்டு. நரகத்துக்குப் போய்ப் பார்த்துவந்ததாகச் சாட்சி சொல்லும் யூடியூப் காணொளிகள் இன்று கைத்தொலைபேசிக்குக் கைத்தொலைபேசி பரவுகின்றன. அதே லூக்கா 16 இல் பணக்காரன் கேட்பதும் அதுதான்: செத்தவன் ஒருவனை என் சகோதரரிடம் அனுப்பும், அவர்கள் பயந்து திருந்துவார்கள். ஆபிரகாம் மறுத்துவிடுகிறார். மோசேயும் தீர்க்கதரிசிகளும் இருக்கிறார்களே, அது போதும் என்கிறார். காணொளியைப் பகிருமுன் 27 ஆம் வசனம் தொடக்கம் அந்த அதிகாரத்தின் முடிவுவரை ஒருமுறை வாசிப்பது நல்லது.

எவ்வளவு காலம்?

முடிவற்ற வேதனை என்பதே மேற்குத் திருச்சபையின் நெடுங்காலப் போதனை. அதன் தூண் மத்தேயு 25:46: "இவர்கள் நித்திய ஆக்கினையை அடையவும், நீதிமான்களோ நித்தியஜீவனை அடையவும் போவார்கள்." 5 ஆம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீன் வைத்த வாதம் இன்றுவரை அசைக்கக் கடினமானது. ஒரே வசனத்தில், ஒரே சொல் இரண்டு பக்கமும் நிற்கிறது. ஆக்கினைக்கு அது ஒரு கால எல்லையைக் குறிக்கும் என்றால் வாழ்வுக்கும் அதே எல்லையை ஒத்துக்கொள்ள வேண்டும். 1215 இல், ஆயர்களின் பொதுப் பேரவையான நான்காம் லாத்தரன் சங்கம் இதையே உறுதிப்படுத்தியது. லூத்தரன் பக்கத்தில் 1530 இன் அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, 17 ஆம் பிரிவில், தண்டனைக்கு முடிவு உண்டு என்று சொன்னவர்களைப் பெயர் சொல்லியே கண்டித்தது. இங்குள்ள பெந்தெகொஸ்தே, அசெம்பிளி ஒவ் கோட், பெரும்பாலான சுயாதீன சபைகள் இந்த நிலைப்பாட்டில் உறுதியாக நிற்கின்றன.

இரண்டாவது பார்வை, மீட்பை மறுத்தவர்கள் கடைசியில் இல்லாமற்போவார்கள் என்பது. இதைச் சொல்கிறவர்கள் வேதத்தைக் கைவிட்டவர்கள் என்று நினைப்பது பிழை. வசனத்துக்கு வசனம் நின்று வாதிடுகிறவர்கள் இவர்கள். "ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே அழிக்க வல்லவருக்கே பயப்படுங்கள்" என்ற மத்தேயு 10:28 இல் இருப்பது "அழிக்க". வதைக்க என்று இல்லை. பாவத்தின் சம்பளம் மரணம் என்கிறது ரோமர் 6:23. யூதா 7 ஆம் வசனம் சோதோம் கொமோரா "நித்திய அக்கினியின் ஆக்கினையை" அடைந்ததாகச் சொல்கிறது. அந்த ஊர்கள் இன்று எரிந்துகொண்டிருக்கவில்லை, எரிந்து முடிந்துவிட்டன. புழு சாவாமலும் அக்கினி அவியாமலும் இருக்கும் என்று மாற்கு 9:48 இல் இயேசு சொல்வது ஏசாயா 66:24 இலிருந்து எடுத்தது. ஏசாயாவைத் திறந்து பார்த்தால் அங்கே புழு தின்பதும் தீ எரிப்பதும் பிரேதங்களை. உயிரோடு வேதனைப்படுகிறவர்கள் அந்த வசனத்தில் இல்லை. இந்த இடத்தில் பழைய நிலைப்பாட்டார் தடுமாறுகிறார்கள் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பதிலுக்கு அவர்கள் வெளிப்படுத்தல் 14:11, 20:10 இரண்டையும் வைக்கிறார்கள். சதாகாலங்களிலும் இரவும் பகலும் வாதிக்கப்படுவார்கள் என்ற அந்தச் சொற்றொடரை இரண்டாம் பார்வைக்காரர் "அது குறியீட்டு நூல்" என்று சொல்லித்தான் கடக்க முடிகிறது. அதுவும் முழுத் திருப்தியான பதில் அல்ல.

ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் இதையே அதிகாரபூர்வமாகப் போதிக்கிறார்கள்: இறந்தோர் நித்திரையில் இருக்கிறார்கள், பிரசங்கி 9:5 சொல்வதுபோல ஒன்றும் அறியார்கள், கடைசி அக்கினி துன்மார்க்கரை ஒரேயடியாக இல்லாமற்செய்யும். யெகோவாவின் சாட்சிகளும் எரியும் நரகத்தை மறுக்கிறார்கள். வீட்டு வாசலில் அவர்கள் எடுத்த எடுப்பிலேயே இந்தத் தலைப்பைத் தொடுவது, சாவு நடந்த வீடுகளில் மற்றச் சபைகள் விட்டுச்சென்ற பயம் அவர்களுக்குத் தெரியும் என்பதால்தான். சுவிசேஷ வட்டாரங்களில் பெரிதும் மதிக்கப்பட்ட ஆங்கிலிக்கன் போதகர் ஜோன் ஸ்டொட் 1988 இல் இந்தப் பார்வையை, உறுதியாக அல்ல, சாத்தியமாகத் தான் ஏற்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு இதை வெறுமனே "கள்ள உபதேசம்" என்று தள்ளிவிடுவது கடினமாயிற்று.

மூன்றாவது, கடைசியில் எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்பது. 3 ஆம் நூற்றாண்டின் ஓரிஜன், 4 ஆம் நூற்றாண்டின் நீசா நகர் கிரகோரியார் இருவரும் நரக நெருப்பைத் தூய்மையாக்கும் நெருப்பாகக் கண்டார்கள். ஓரிஜனின் போதனை 6 ஆம் நூற்றாண்டில் யுஸ்தினியன் பேரரசரின் காலத்தில் கண்டிக்கப்பட்டது. ஏறக்குறைய அதையே சொன்ன கிரகோரியார் இன்றும் புனிதர். அவரை எந்தச் சங்கமும் கண்டிக்கவில்லை. "கிறிஸ்துவுக்குள் எல்லாரும் உயிர்ப்பிக்கப்படுவார்கள்" (1 கொரிந்தியர் 15:22), எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படத் தேவன் சித்தமுள்ளவர் (1 தீமோத்தேயு 2:4) என்பவை இவர்களின் வசனங்கள். இதில் இரண்டு படிகள் உண்டு. எல்லாரும் மீட்கப்படுவது நிச்சயம் என்பது ஒன்று. எல்லாரும் மீட்கப்பட வேண்டும் என்று நம்பிக்கையோடு எதிர்பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்பது மற்றது. முன்னையதைப் பெரிய சபைகள் ஏற்பதில்லை. பின்னையதைக் கத்தோலிக்க இறையியலாளர் ஹான்ஸ் உர்ஸ் ஃபொன் பல்தசார் முன்வைத்தார். 2024 ஜனவரியில் இத்தாலியத் தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றில் பாப்பரசர் பிரான்சிஸ், நரகம் வெறுமையாக இருக்கிறது என்று நினைக்கத் தமக்கு விருப்பம், அப்படி இருக்கும் என்று நம்புவதாகச் சொன்னார். அது தமது சொந்த எண்ணம், விசுவாசக் கோட்பாடு அல்ல என்பதையும் சேர்த்தே சொன்னார்; வட்சப்பில் பரவியபோது அந்த இரண்டாம் பாதி விடுபட்டுப்போயிற்று.

அங்கிலிக்கன் சபையில் ஒரு சிறு வரலாற்றுத் துணுக்கு சுவையானது. 1553 இன் 42 விசுவாசப் பிரிவுகளில் கடைசிப் பிரிவு, எல்லாரும் இரட்சிக்கப்படுவர் என்று போதிப்போரைக் கண்டித்தது. பத்து ஆண்டுகளில், 1563 இல் திருத்தியபோது அந்தப் பிரிவு எடுக்கப்பட்டுவிட்டது. இன்று அச்சிலிருக்கும் 39 பிரிவுகளில் அது இல்லை.

கத்தோலிக்கப் போதனையில் எது நரகம், எது இல்லை

1992 இன் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 1033 தொடக்கம் 1037 வரையான எண்களில் இதைச் சொல்கிறது. நரகம் முடிவற்றது. அதன் முதன்மையான வேதனை கடவுளிடமிருந்து என்றென்றைக்குமான பிரிவு. கடவுள் எவரையும் நரகத்துக்கென்று முன்குறிப்பதில்லை. மனம் அறிந்து கடவுளை விட்டு விலகி, அந்த விலகலில் கடைசிவரை நிலைத்திருப்பவரே அங்கு போகிறார். 1999 ஜூலையில் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல், நரகத்தை ஓர் இடமாகக் காட்டிலும், கடவுளை விட்டுத் தன்னை வெட்டிக்கொண்டவரின் நிலையாகவே விளக்கினார். வேதத்தின் நெருப்பும் புழுவும் அந்த நிலையைச் சொல்ல வந்த உருவகங்கள்.

ஒருவரை நரகத்துக்கு இட்டுச்செல்வது சாவான பாவம். அதற்கு மூன்று நிபந்தனைகளும் ஒருங்கே இருக்க வேண்டும்: காரியம் கனமானதாக இருக்க வேண்டும், செய்கிறவருக்கு அது பாவம் என்ற முழு அறிவு இருக்க வேண்டும், முழு மனச் சம்மதம் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவம் ஆகாது. ஒரு ஞாயிறு பூசைக்குப் போகவில்லை, காய்ச்சல், நரகமா என்று பயந்து கேட்கும் பிள்ளைக்கு மறைக்கல்வி ஆசிரியர் இந்த மூன்றையும் சொல்லிக்கொடுத்தாலே போதும். பயத்தை மட்டும் கொடுத்து நிபந்தனைகளை விட்டுவிடுவதால்தான் வயது போனபின்னும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அதே பழைய பாவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் மனநோவு உருவாகிறது.

உத்தரிக்கிற ஸ்தலம் நரகத்தின் சிறிய பதிப்பு என்று நினைப்பவர் இங்கே ஏராளம். பழைய படங்களும் பழைய பிரசங்கங்களும் அந்த எண்ணத்தை வளர்த்தன. போதனைப்படி அங்கிருக்கும் ஒவ்வோர் ஆன்மாவும் ஏற்கனவே மீட்கப்பட்டது. மோட்சத்துக்கு முன் தூய்மை பெறுகிறது, அவ்வளவுதான். 1563 டிசம்பரில் திரெந்து சங்கம் இதுபற்றி விதித்தது மிகச் சுருக்கமானது: அப்படி ஒரு நிலை உண்டு, அங்குள்ளோருக்கு விசுவாசிகளின் வேண்டுதலும் முக்கியமாகத் திருப்பலியும் உதவும். நெருப்பின் தன்மை, தங்கும் காலம் எதையும் அது வரையறுக்கவில்லை. வீண் ஆர்வத்தையும் பண ஆசையையும் கிளப்பும் பேச்சுகளைத் தவிர்க்கும்படி ஆயர்களுக்கு உத்தரவும் இட்டது. பலன் என்பது, மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மீந்திருக்கும் தண்டனையைத் திருச்சபை தளர்த்துவது. பழைய செபப்புத்தகங்களில் "300 நாள் பலன்" என்று அச்சிட்டிருப்பதை உத்தரிக்கிற ஸ்தலத்தில் 300 நாள் குறைகிறது என்று வாசித்தார்கள். அந்த நாட்கள் ஆதித் திருச்சபையில் விதிக்கப்பட்ட பகிரங்கத் தவத்தின் நாட்கள். குழப்பம் தீராததால் 1967 இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் (ஆறாம் பவுல்) நாட்கணக்கையே நீக்கிவிட்டார்.

இன்று நடைமுறையில் உள்ளது இது. நவம்பர் 1 முதல் 8 வரை, நாளொன்றுக்கு ஒருமுறை, சேமக்காலைக்குப் போய் இறந்தோருக்காகச் செபித்தால் பரிபூரண பலனைப் பெறலாம். அதை உத்தரிக்கிற ஆன்மாக்களுக்கு மட்டுமே ஒப்புக்கொடுக்கலாம். கூடவே வேண்டியவை: சில நாட்களுக்கு முன்னோ பின்னோ ஒரு பாவசங்கீர்த்தனம், நற்கருணை, பாப்பரசரின் கருத்துக்களுக்காக ஒரு செபம், எந்தப் பாவத்திலும் பற்று வைக்காத மனம். கடைசி நிபந்தனைதான் கடினம். அது நிறைவேறாவிட்டால் பலன் பரிபூரணமாகாமல் பகுதிப் பலனாக நிற்கும். மட்டக்களப்பில் நவம்பர் என்றால் மாரி. கல்லறைத் திருநாள் அன்று சேமக்காலை மண்ணில் கால் புதையும், மெழுகுதிரியைக் குடைக்குக் கீழே பிடித்துத்தான் ஏற்ற வேண்டும். திரி அணைந்துவிட்டதே, செபம் சேராதோ என்று கலங்கும் அம்மம்மாமாருக்கு ஒன்று சொல்லலாம்: திரி எரிவது நிபந்தனைப் பட்டியலில் எங்கும் இல்லை.

புரட்டஸ்தாந்துகள் இதை மறுப்பதன் வேர், வேதாகமத்தின் அளவிலேயே இருக்கிறது. இறந்தோருக்காகப் பலி ஒப்புக்கொடுத்ததைச் சொல்லும் 2 மக்கபேயர் 12:38-46 கத்தோலிக்க விவிலியத்தில் உண்டு; புரட்டஸ்தாந்து வேதாகமத்தில் அந்த நூலே இல்லை. ஒரே குடும்பத்தில் இரண்டு வேதாகமங்களை வைத்துக்கொண்டு "எங்கே இருக்கிறது, காட்டு" என்று கேட்டால் தர்க்கம் முடிவுக்கு வராது.

மெதடிஸ்த மரபும் சைவ உறவுகளும்

1814 இல் மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட்டோடு தொடங்கியது இங்குள்ள மெதடிஸ்தம். ஜோன் வெஸ்லி நரகத்தை மென்மையாகச் சொன்னவர் அல்ல. மாற்கு 9:48 ஐ வைத்து அவர் எழுதிய பிரசங்கம் வேதனையை இரண்டாகப் பிரிக்கிறது: இழந்துபோனவற்றால் வரும் வேதனை, அனுபவிப்பவற்றால் வரும் வேதனை. நெருப்பை அவர் உண்மையான நெருப்பாகவே எடுத்தார். ஆனால் பிரித்தானிய மெதடிஸ்தம் போதனையின் அளவுகோலாகக் கொண்ட 44 பிரசங்கங்களில் அது சேரவில்லை. அதே வெஸ்லி, வாழ்வின் கடைசி ஆண்டுகளில், நற்செய்தி எட்டாத மக்களை எல்லாம் நரகத்துக்குத் தீர்ப்பிட எந்த மனிதனுக்கும் உரிமை இல்லை, அவர்களைப் படைத்தவரிடம் விட்டுவிட வேண்டும் என்றும் எழுதினார். அந்த வெஸ்லியை இங்குள்ள மேடைகள் குறைவாகவே எடுத்துச் சொல்கின்றன.

மட்டக்களப்பில் அந்த வெஸ்லிதான் அதிகம் தேவைப்படுபவர். ஏனென்றால் இங்கே "நற்செய்தியை ஏற்காதவர்கள்" என்பது தூரதேசத்து மக்கள் இல்லை. அப்பப்பா, பெரியம்மா, கூடப்பிறந்த அக்கா. சைவ மரபிலும் நரகம் உண்டு, ஆனால் அது வினை தீரும்வரைதான்; அனுபவித்து முடித்த உயிர் மீண்டும் பிறவிக்கு வரும். காத்தான்குடியிலோ மருதமுனையிலோ உள்ள முஸ்லிம் அயலவரைக் கேட்டால், ஈமானுள்ள பாவி தண்டனை முடிந்து ஒருநாள் வெளியே வருவான் என்பார். இந்தச் சூழலில் வளர்ந்த ஒருவர் கிறிஸ்தவத்துக்கு வரும்போது, முடிவே இல்லாத தண்டனை என்பதுதான் அவருக்கு முற்றிலும் புதிய செய்தி. அதை ஏற்ற மறுகணமே இறந்துபோன தாயைப் பற்றிய கேள்வி வரும்.

அதற்குச் சபைகள் தரும் விடைகள் ஒன்றல்ல. கிறிஸ்துவை அறிக்கையிடாதவருக்கு மீட்பில்லை என்பது பல பெந்தெகொஸ்தே போதகர்களின் விடை. இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1964 இன் திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தில், 16 ஆம் எண்ணில், தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி மனச்சாட்சியின்படி வாழ முயன்றோரும் மீட்படையலாம் என்றது. "அடையலாம்" என்பதைக் கவனிக்க வேண்டும். "அடைவர்" என்று அது சொல்லவில்லை. இலங்கை மெதடிஸ்த போதகரும் பௌத்தத்தை ஆராய்ந்த அறிஞருமான லின் டி சில்வா (1919-1982) இன்னும் சற்றுத் தள்ளிப் போய், மரணத்துக்குப் பின்னும் மனிதர் தூய்மையில் வளர்வது தொடரலாம் என்ற கருத்தை முன்வைத்தார். மறுபிறப்பை நம்பும் அயலவர் நடுவே வாழ்ந்த ஒருவரின் சிந்தனை அது என்பது தெரிகிறது.

எதற்காக?

மேற்கு நாடுகளில் நரகத்தைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஒரே திசையில் போகும்: அன்பான கடவுள் எப்படித் தண்டிக்கலாம்? கிழக்கு மாகாணத்தில் அதே அளவு பலத்தோடு மறுகேள்வியும் எழுகிறது: தண்டிக்காத கடவுள் எப்படி நீதியுள்ளவர்? 1990 ஓகஸ்டில் இயேசு சபைக் குரு யூஜின் ஹீபர்ட் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் சாரதியோடு காணாமற்போனார். அடுத்த மாதம் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று, சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டில் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். ஆணைக்குழுக்கள் வந்துபோயின. இங்கே ஒரு தாய் "அவனைக் கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லும்போது அதில் இருப்பது இறையியல் கொடூரமல்ல. உலகத்து நீதிமன்றம் கைவிட்ட வழக்கை மேல்முறையீடு செய்கிறார். எல்லாரும் ஈற்றில் மீட்கப்படுவர் என்ற பார்வையைப் போதிப்பவர் இந்தத் தாய்க்கு முன் நின்று அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். நியாயத்தீர்ப்பே இல்லை என்று அந்தப் பார்வை சொல்லவில்லை, நெருப்பை ஒவ்வொருவரும் கடந்தே ஆகவேண்டும் என்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது எடுபடும்.

இதன் மறுபக்கம் கடற்கரையில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 க்கு மேற்பட்டோர் இறந்தனர். இது பாவத்துக்கு வந்த தண்டனை என்று பேசியவர்கள் இருந்தார்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, "அப்படியல்ல" என்று இயேசுவே விடை சொல்லியிருக்கிறார் (லூக்கா 13:4-5). அதற்கு மேல் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. ஞானஸ்நானம் பெறாமல் கடலோடு போன குழந்தைகளுக்கோ, மறைக்கல்வி நூலின் 1261 ஆம் எண் அவர்களைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கச் சொல்கிறது. லிம்போ எனப்படும் இடைநிலை திருச்சபையின் வரையறுத்த கோட்பாடாக எப்போதும் இருந்ததில்லை.

தற்கொலை நடந்த வீட்டில் நரகப் பேச்சு செய்யும் சேதம் தனி. கத்தோலிக்கரிடையே 1917 இன் சட்டத்தொகுப்பு, மனம் அறிந்து தன்னுயிரை மாய்த்தவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983 இன் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. மறைக்கல்வி நூல் 2282 ஆம் எண்ணில், கடும் மனநோயும் வேதனையும் அச்சமும் பொறுப்பைக் குறைக்கும் என்கிறது. 2283 இல், அவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கையிழக்கக் கூடாது, திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது என்கிறது. ஆகவே "அவருக்குப் பூசை வைக்கேலாது" என்று சொந்தக்காரர் யாராவது சொன்னால் அது காலாவதியான தகவல். பங்குத்தந்தையிடம் நேரே கேட்டால் போதும், நடுவில் ஆள் தேவையில்லை. சபைகளில் போதகர்கள் செய்யும் பெரிய பிழை, அடக்க ஆராதனையின் பிரசங்கத்தையே எச்சரிப்பாக மாற்றுவது. இறந்தவர் எங்கே போனார் என்பது போதகருக்குத் தெரியாது. கத்தோலிக்கத் திருச்சபை ஆயிரக்கணக்கானோரைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைக்கூட, யூதாசைக்கூட, இதுவரை அறிவித்ததில்லை.

கலப்புக் குடும்பத்தில் சாவு நடந்தால், செபங்களின் ஒழுங்கை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. "நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்பது இறந்தவருக்கான வேண்டுதல். அதில் சேர ஒரு பெந்தெகொஸ்தேக்காரரின் மனச்சாட்சி இடம் தராது, வற்புறுத்தக் கூடாது. 23 ஆம் சங்கீதம், கர்த்தருடைய செபம், குடும்பத்தின் ஆறுதலுக்கான செபம், இறந்தவரின் வாழ்வுக்கான நன்றி ஆகியவற்றில் எல்லாரும் சேரலாம். சங்கீத எண் கத்தோலிக்கப் பழைய பதிப்பில் 22 என்று இருக்கும், அறிவிப்பவர் முதல் வரியைச் சொல்லிவிட்டால் குழப்பமில்லை. செபமாலையை மாலையில் ஒரு நேரத்துக்கு வைத்துச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதற்கேற்ப வந்துபோவார்கள். செபமாலையின் ஒவ்வொரு பத்துக்கும் பின் வரும் பாத்திமா செபத்தில் ஒரே மூச்சில் இரண்டும் கேட்கப்படுகின்றன: "எங்களை நரக நெருப்பிலிருந்து மீட்டருளும்", அடுத்த வரியில் "எல்லாரையும் விண்ணகப் பாதையில் நடத்தியருளும்." பந்தலுக்கு வெளியே கதிரையில் இருக்கும் தம்பியும் அந்த "எல்லாரையும்" என்பதற்குள் அடக்கம் என்பதை மாமி அறிவார்.